சபை நடத்தும் சேனலும் சபை வாடகைக்கு எடுக்கும் சேனலும்

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்துத் தலைநகரம் சால்ட் லேக் சிட்டி. அங்கே சேனல் 5ல் வருவது கே.எஸ்.எல். தொலைக்காட்சி. அதன் உரிமையாளர் மார்மன் சபை. நேரடியாக இல்லை, சபையின் வணிக நிறுவனமான டெசெரெட் மேனேஜ்மென்ட்டின் கீழ் இருக்கும் பானவில் இன்டர்நேஷனல் என்ற கம்பெனி வழியாக. சரி, சபை டி.வி.தானே, காலையிலிருந்து பிரசங்கம் ஓடும் என்று நினைத்துப் போட்டால் ஏமாந்துபோவோம். என்.பி.சி.யின் சீரியல், ஒலிம்பிக்ஸ், உள்ளூர்ச் செய்தி, வானிலை, எந்த ரோட்டில் டிராஃபிக் என்ற தகவல், இடையிடையே கார் விளம்பரம். வருஷத்தில் இரண்டு தடவை சபையின் பொது மாநாட்டை நேரலையாகப் போடுவார்கள். மற்றபடி அது ஊர் டி.வி.

இப்போது நம்ம பக்கம் வருவோம். பூந்தமல்லியைத் தாண்டினால் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், தெற்கே வல்லம் வடகால், ஒரகடம். கார், டயர், கண்ணாடி, போன் என்று எல்லாம் செய்கிற பட்டை. இங்கே எந்த வீட்டு செட்டாப் பாக்ஸிலும் கிறிஸ்தவச் சேனல்கள் சில இருக்கும். கத்தோலிக்கருக்கு மாதா டி.வி., சாது சுந்தர் செல்வராஜ் ஊழியத்தின் ஏஞ்சல் டி.வி., இன்னும் சில. எதிலும் ஒரகடம் சந்திப்பில் இன்று என்ன நடந்தது என்று வராது. வர வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை.

ஏன் இப்படி? "அங்க கிறிஸ்தவங்க மெஜாரிட்டி, இங்க மைனாரிட்டி" என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். எனக்கு அது போதவில்லை. நம்ம ஊரில் பெரும்பான்மை மதத்தின் பக்திச் சேனல்களும் இதே மாதிரிதான் இருக்கின்றன. அவற்றிலும் ஊர்ச் செய்தி இல்லை. வித்தியாசம் ஆள் கணக்கில் இல்லை. அமெரிக்காவில் 'அஃபிலியேஷன்' என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது, நம்மிடம் அது இல்லை. அதைக் கொஞ்சம் விரித்துப் பார்த்தால் மற்றது தானாகப் புரியும்.

நம்ம மனசில் சேனல் என்றால் ஒரே ஒரு பொருள். சன் டி.வி. என்றால் சென்னையிலும் சன் டி.வி., ஒரகடத்திலும் அதே சன் டி.வி., நாகர்கோவிலிலும் அதே. அமெரிக்காவில் என்.பி.சி., சி.பி.எஸ்., ஏ.பி.சி. எல்லாம் முதலில் நிகழ்ச்சி கொடுக்கும் நெட்வொர்க்குகள். ஒளிபரப்பும் உரிமம் ஊர் ஊராக, நிலையம் நிலையமாகக் கொடுக்கப்படுகிறது. பெரிய நகரங்கள் சிலவற்றில் நெட்வொர்க்கே நிலையத்தைச் சொந்தமாக வைத்திருக்கும். மற்ற ஊர்களில் வேறு யாராவது வைத்திருப்பார்கள்: பத்திரிகைக் குடும்பம், பல்கலைக்கழகம், சபை. அந்த நிலையம் ஏதாவது ஒரு நெட்வொர்க்கோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு அதன் நிகழ்ச்சிகளை வாங்கி ஒளிபரப்பும். அதுதான் அஃபிலியேட். மீதி நேரத்தை உள்ளூர்ச் செய்தி வைத்து நிலையமே நிரப்பிக்கொள்ள வேண்டும். நம்ம ஊர் பாணியில் சொன்னால், கம்பெனி பைக்கை விற்கிற உள்ளூர் டீலர் மாதிரி. போர்டில் கம்பெனி பேர் இருக்கும், கடை உள்ளூர்க்காரருடையது.

இந்த உவமை ஓரளவுக்குத்தான் ஓடும். டீலர், கம்பெனி அனுப்புகிற மாடலை வேண்டாம் என்று சொல்வது கஷ்டம். அமெரிக்க நிலையம் சொல்லலாம். 1941ல் வானொலிக்காகக் கொண்டுவந்த நெட்வொர்க் விதிகளிலிருந்தே இந்த உரிமை வருகிறது: பொருத்தமில்லை, பொதுநலனுக்கு ஒவ்வாது என்று நிலையம் நினைத்தால் நெட்வொர்க் நிகழ்ச்சியை மறுக்கலாம்; அந்த உரிமையைப் பறிக்கிற மாதிரி நெட்வொர்க் ஒப்பந்தம் போடக் கூடாது. காரணம் எளிது. உரிமம் நிலையத்தின் பேரில் இருக்கிறது, பொறுப்பும் அதனுடையது.

கே.எஸ்.எல். இந்த உரிமையை நன்றாகவே பயன்படுத்தியிருக்கிறது. சபையின் டெசெரெட் நியூஸ் பத்திரிகை 1922ல் வானொலி ஆரம்பித்தது. அதன் தொடர்ச்சியாக 1949 ஜூன் 1 அன்று தொலைக்காட்சி. அன்றிலிருந்து 46 வருஷம் சி.பி.எஸ். அஃபிலியேட். பிறகு 1995 செப்டம்பரில் ஒரே நாளில் என்.பி.சி.க்கு மாறியது. சபை கோபித்துக்கொண்டு மாறவில்லை. வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியும் சி.பி.எஸ்.ஸும் போட்ட ஒரு கூட்டு, அதிலிருந்து பிலடெல்பியா, டென்வர் நிலையங்கள் கைமாறிய ஒரு பெரிய பேரம், அதன் ஓரத்தில் சால்ட் லேக் சிட்டியின் இன்னொரு நிலையமான கே.யூ.டி.வி. சி.பி.எஸ். கைக்குப் போனது. சொந்த நிலையம் கிடைத்துவிட்ட ஊரில் அஃபிலியேட் எதற்கு? சி.பி.எஸ். போனது, காலியாக நின்ற என்.பி.சி. கே.எஸ்.எல்.லிடம் வந்தது. சபையின் டி.வி.யில் எந்த நெட்வொர்க் ஓடும் என்பதைப் பிலடெல்பியா பேரம் முடிவு செய்தது.

என்.பி.சி. வந்ததும் உரசலும் வந்தது. சனிக்கிழமை இரவு நகைச்சுவை நிகழ்ச்சியான 'சாட்டர்டே நைட் லைவ்' 2013 வரைக்கும் கே.எஸ்.எல்.லில் கிடையாது, அந்த நேரத்தில் உள்ளூர் விளையாட்டு நிகழ்ச்சி. 2011ல் 'தி பிளேபாய் கிளப்' சீரியலை எடுக்கவில்லை. 2012ல் ஒருபாலினத் தம்பதி குழந்தை பெற்றுக்கொள்வதைப் பற்றிய 'தி நியூ நார்மல்' சீரியலையும் எடுக்கவில்லை. 2013ல் 'ஹானிபல்' தொடரைச் சில வாரம் போட்டுவிட்டு, வன்முறை அதிகம் என்று நிறுத்தியது. நெட்வொர்க் அதையெல்லாம் அதே ஊரில் வேறு நிலையத்திடம் கொடுக்கும். பார்க்கிறவன் பார்த்துக்கொள்வான்.

இதில் கவனிக்க வேண்டியது பணம். முன்பு நெட்வொர்க்தான் நிலையத்துக்குக் காசு கொடுக்கும், "எங்க நிகழ்ச்சியைப் போடு" என்று. இப்போது தலைகீழ்: கேபிள் கம்பெனிகளிடம் நிலையம் வாங்குகிற கட்டணத்தில் ஒரு பங்கை நெட்வொர்க் கேட்டு வாங்கிக்கொள்கிறது. எப்படியானாலும் நிலையத்தின் வருமானம் ஊர் விளம்பரத்திலும் ஊர் சந்தாவிலும் இருக்கிறது, காணிக்கையில் இல்லை. எனவே சபைக்காரன் மட்டும் பார்த்தால் கடை நடக்காது. சபைக்கு வெளியே இருப்பவன், சபையை விட்டு விலகியவன், சபையைப் பிடிக்காதவன் எல்லோரும் ஆறு மணிச் செய்திக்கு உட்கார வேண்டும். அதனால் செய்தி ஒழுங்காக இருந்தாக வேண்டும். சபை பற்றிய செய்தியில் அவர்கள் எவ்வளவு சுதந்திரமாக எழுதுகிறார்கள் என்பது நியாயமான சந்தேகம்தான். ஆனால் வெள்ளமோ காட்டுத்தீயோ வந்தால் என்ன நடக்கிறது என்று சொல்ல ஊரில் ஒரு நியூஸ் ரூம் இருக்கிறது.

கத்தோலிக்கரும் இப்படி வைத்திருந்தார்கள். நியூ ஆர்லியன்ஸில் இயேசு சபைத் துறவிகளின் லயோலா பல்கலைக்கழகம் 1957ல் டபிள்யூ.டபிள்யூ.எல். தொலைக்காட்சியைத் தொடங்கி, 1990ல் அதன் ஊழியர்கள் சேர்ந்த ஒரு குழுவிடம் விற்றது. நோட்ரடாம் பல்கலைக்கழகம் 1955லிருந்து வைத்திருந்த டபிள்யூ.என்.டி.யூ.வை 2006ல் விற்றது. நல்ல விலை வந்ததும் விற்றார்கள், அவ்வளவுதான்.

இந்தியாவில் சபை ஒன்று டி.வி. நடத்த முடியுமா? தடைகள் எங்கே இருக்கின்றன, எங்கே இல்லை என்று பார்த்தால் விசித்திரமாக இருக்கும். தனியார் எஃப்.எம். வானொலிக் கொள்கையில் மத அமைப்புகளும் அவற்றோடு தொடர்புடைய கம்பெனிகளும் விண்ணப்பிக்கத் தகுதி இல்லை என்று நேராகவே எழுதியிருக்கிறது. டிராய் 2008லும் மறுபடி 2012லும், மத அமைப்புகளுக்கும் அரசியல் கட்சிகளுக்கும் அரசு அமைப்புகளுக்கும் ஒளிபரப்புத் துறையில் இடம் கொடுக்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை பரிந்துரையாகவே இருக்கிறது. இடையில் 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசின் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு ஓட ஆரம்பித்து, 2017ல் மத்திய அரசிடமிருந்தே டிஜிட்டல் உரிமமும் வாங்கிவிட்டது. கட்சிச் சேனல்களைப் பற்றித் தமிழ்நாட்டுக்காரனுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. செயற்கைக்கோள் சேனலைப் பொறுத்தவரை கேட்பது கம்பெனிப் பதிவும் நிகர மதிப்பும்தான்: 2011 விதிப்படி செய்தி அல்லாத முதல் சேனலுக்கு 5 கோடி, செய்திச் சேனலுக்கு 20 கோடி. அறக்கட்டளையாக நேரே போக முடியாது. ஒரு கம்பெனி வைத்துப் போகலாம்.

இந்த 5 கோடிக்கும் 20 கோடிக்கும் இடையில்தான் முதல் வடிகட்டி. பக்திச் சேனல் 'செய்தி அல்லாத' வகையில் வரும். செய்தி போட ஆசைப்பட்டால் நாலு மடங்கு நிகர மதிப்பு காட்ட வேண்டும். எந்தச் சபை நிர்வாகம் அதற்கு மெனக்கெடும்?

இரண்டாவது வடிகட்டி, எல்லை. அனுமதி கிடைத்தால் அது நாடு முழுதுக்கும். நிகழ்ச்சியைச் செய்து, டெலிபோர்ட்டுக்கு அனுப்பி, செயற்கைக்கோளில் இடம் வாடகைக்கு எடுத்து மேலே ஏற்ற வேண்டும். அங்கிருந்து எம்.எஸ்.ஓ. என்கிற பெரிய கேபிள் நிறுவனம் இறக்கி, ஊர்க் கேபிள்காரருக்குக் கொடுப்பார். இலவசச் சேனலை எடுத்துக்கொள்வதற்கு எம்.எஸ்.ஓ. காசு கேட்பார், அதற்குப் பேர் கேரியேஜ் கட்டணம். 2017 ஒழுங்குமுறையில் சாதாரணச் சேனலுக்கு உச்சவரம்பு ஒரு சந்தாதாரருக்கு மாதம் 20 பைசா என்று வைத்தார்கள். 20 பைசாதானே என்று தோன்றும். 10 லட்சம் பெட்டி உள்ள நிறுவனம் என்றால் மாதம் 2 லட்சம் ரூபாய், வருஷத்துக்கு 24 லட்சம், அதுவும் ஒரே ஒரு நிறுவனத்துக்கு. நிறையப் பேர் சேனலை எடுத்தால் கட்டணம் குறையும் என்று அந்த ஒழுங்குமுறையில் ஒரு படிக்கட்டும் வைத்தார்கள். பக்திச் சேனல் அந்தப் படியில் ஏறுவது சுலபமில்லை.

இவ்வளவு செலவு செய்து நாடு முழுக்கத் தெரிகிற சேனலில் ஒரகடம் செய்தி எதற்கு? அங்கே லாபமான சரக்கு எல்லா ஊருக்கும் பொதுவான சரக்கு. திருப்பலி, ஜெபம், சாட்சி, பாட்டு. சேனலே வைக்க முடியாத ஊழியங்கள் அரை மணி நேர ஸ்லாட் வாங்கும், கிறிஸ்தவச் சேனலிலும் சரி, காலை வேளையில் பொதுச் சேனலிலும் சரி. அந்த ஸ்லாட்டின் செலவைப் பார்க்கிறவர்களே தாங்க வேண்டும். 'இயேசு அழைக்கிறார்' ஊழியத்தின் இளம் பங்காளர் திட்டம் மாதிரி 'பங்காளர்' என்ற சொல் தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் ஊறிப்போனதற்கு இந்தப் பொருளாதாரமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நிகழ்ச்சி முடியும்போது கீழே வங்கிக் கணக்கு எண் ஓடுவதை வைத்துக் கேலி பேசுகிறவர்கள் உண்டு. விளம்பரதாரர் வராத இடத்தில் வேறு என்னதான் ஓடும்?

கே.எஸ்.எல்.லுக்கும் இதற்கும் உள்ள தூரம் இங்கேதான் இருக்கிறது. அங்கே சபை கடைக்காரர், எல்லோரும் வாடிக்கையாளர். இங்கே சபை வாடகைக்கு இருப்பவர், தன் ஆட்களிடம் வாங்கி வாடகை கட்டுகிறவர். தன் ஆட்களுக்குத்தான் பேச முடியும்.

தமிழில் இதற்கு மாறாக ஒன்று நடந்தது என்றால் அது வானொலியில். மணிலாவிலிருந்து ஆசியக் கத்தோலிக்க ஆயர்களுக்காக இயங்கிய வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப்பணியை, போர்க்காலத்தில் ஈழத்தமிழர்கள் செய்திக்காகக் கேட்டார்கள். கேட்டவர்களில் கத்தோலிக்கர் அல்லாதவர்கள் ஏராளம். சிற்றலையில் அது 2018 ஜூன் மாதத்தோடு நின்றது. பக்கத்துக் கேரளத்தில் கத்தோலிக்கத் திருச்சபையின் முன்முயற்சியில் 2002ல் தொடங்கிய ஜீவன் டி.வி. பொதுச் சேனலாகவே வந்தது, செய்தியும் உண்டு. ஆனால் அதுவும் மாநிலம் முழுதுக்குமான செயற்கைக்கோள் சேனல். ஒரு ஊரின் நிலையம் இல்லை.

அப்போ ஊர் நிலையம் என்று நம்மிடம் எதுவுமே இல்லையா? இருக்கிறது: கேபிள்காரரின் லோக்கல் சேனல். பிறந்தநாள் வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி, நகைக்கடை விளம்பரம், புதுப்படப் பாட்டு, ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயில் ராமானுஜர் உற்சவம், பக்கத்துச் சர்ச்சின் கொடியேற்றமும் தேர்பவனியும். அனலாக் காலத்தில் இது மிகச் சுலபம். கன்ட்ரோல் ரூமில் ஒரு மாடுலேட்டரைச் செருகினால் சேனல் ரெடி. 2012ல் மெட்ரோக்களில் தொடங்கி 2017 வரை படிப்படியாக வந்த டிஜிட்டல் மாற்றத்துக்குப் பிறகு, சிக்னல் எம்.எஸ்.ஓ.விடமிருந்து பூட்டுப் போட்டு வருகிறது. நடுவில் கேபிள்காரர் கைவைக்க முடியாது. ஊர்ச் சேனல் வேண்டுமென்றால் எம்.எஸ்.ஓ.வின் ஹெட்எண்ட் வழியாகவே போக வேண்டும்.

இந்தச் சேனல்களுக்கு அரசு வைத்த பேர் 'பிளாட்ஃபார்ம் சர்வீஸ்'. 2022 நவம்பர் 30 அன்று தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் எம்.எஸ்.ஓ.க்களுக்கு இதற்கென வழிகாட்டு விதிகள் வெளியிட்டது. பதிவுக் கட்டணம் சேனலுக்கு வெறும் 1,000 ரூபாய். மொத்தக் கொள்ளளவில் 5 விழுக்காடு வரை வைத்துக்கொள்ளலாம். 500 சேனல் கொள்கிற அமைப்பு என்றால் 25. உள்ளூர்ச் செய்தி போட எம்.எஸ்.ஓ. கம்பெனியாக இருக்க வேண்டும். 90 நாள் பதிவு வைத்திருக்க வேண்டும். இதெல்லாம் நியாயமாகவே படுகிறது.

அடுத்து வருகிற விதிதான் நமக்கு முக்கியம். இந்தச் சேனலின் உள்ளடக்கம் அந்த நிறுவனத்துக்கு மட்டுமே உரியதாக இருக்க வேண்டும். வேறு எந்த வினியோக நிறுவனத்தோடும் நேராகவோ சுற்றி வளைத்தோ பகிரக் கூடாது. ஒரு விலக்கு உண்டு: கோயில், குருத்துவாரா முதலிய வழிபாட்டு இடங்களிலிருந்து வரும் நேரலையைப் பகிரலாம். அந்த 'முதலிய'வில் சர்ச்சும் மசூதியும் அடங்கும் என்றே நான் வாசிக்கிறேன்.

மெதுவாக யோசித்துப் பாருங்கள். ஒரகடத்தில் ஒரே தெருவில் ஒரு வீட்டில் அரசு கேபிள் பெட்டி, அடுத்த வீட்டில் தனியார் பெட்டி. சர்ச் திருவிழா நேரலை இரண்டு வீட்டுக்கும் போகலாம். ஊர்ச் செய்தி ஒரு வீட்டோடு நின்றுவிட வேண்டும். ஒரே செய்தியைப் பல உள்ளூர்ச் சேனல்கள் சேர்ந்து தயாரித்துப் பங்கு போட்டுக்கொள்வது, அதாவது அமெரிக்காவில் நெட்வொர்க் என்று எதைச் சொல்கிறார்களோ அதன் சின்ன வடிவம், இங்கே விதிமீறல். பின்கதவு வழியாக யாரும் அனுமதி வாங்காமல் முழுச் சேனல் நடத்திவிடக் கூடாது என்ற கவலையில் எழுதியிருப்பார்கள், புரிகிறது. ஆனால் ஊர்ச் செய்திக்குச் செலவு பகிரும் வழியை அடைத்துவிட்டு, வழிபாட்டுக்கு மட்டும் திறந்து வைத்திருக்கிறது. மத அமைப்புக்குச் சேனல் வேண்டாம் என்று ஒரு கை எழுதுகிறது, பகிர அனுமதி உள்ள ஒரே சரக்கு வழிபாட்டு நேரலை என்று இன்னொரு கை எழுதுகிறது.

இது வெறும் சட்ட நுணுக்கம் இல்லை. 2021 டிசம்பர் நடுவில், சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் சாப்பாடு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். சிலர் இறந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் பரவியது. இரவோடு இரவாக ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டது முதலில் ஒன்றே ஒன்று: எங்க கூட வேலை பார்த்தவங்க உயிரோட இருக்காங்களா? சிகிச்சையில் இருந்த பெண்களை வீடியோ காலில் காட்டிச் சமாதானம் சொல்ல வேண்டிய நிலைக்கு மாவட்ட நிர்வாகமே வந்தது. சாப்பாடும் தங்குமிடமும் மோசம் என்ற கோபம் நிஜம். எந்தச் செய்தி நிலையமும் அதைத் தீர்த்திருக்காது. ஆனால் அந்த முதல் கேள்விக்கு, எல்லோரும் நம்பக்கூடிய ஒரு உள்ளூர்க் குரல் பதில் சொல்லியிருக்கலாம். சென்னைச் சேனல்கள் மறியல் ஆரம்பித்தபிறகு கேமராவோடு வந்தன.

அந்தக் குரல் சபையுடையதாக இருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. இந்தப் பட்டையில் யார் நடத்தினாலும் கணக்கு இடிக்கும். 2022 விதியில் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது: 5 விழுக்காட்டுக்கு மேலே, மாவட்டத்துக்கு 2 சேனல் வீதம் உள்ளூர்த் தேவைக்காகக் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். படிக்கும்போது நல்லதாகத்தான் தெரிந்தது. பிறகு வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். ஆலைகள் ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும், அது காஞ்சிபுரம் மாவட்டம். அந்த 2021 விடுதி பூந்தமல்லிப் பக்கம், அது திருவள்ளூர் மாவட்டம். ஒரகடத்திலிருந்து ரயில் பிடிக்க சிங்கப்பெருமாள் கோவில் போனால் 2019லிருந்து செங்கல்பட்டு மாவட்டம். ஒரே ஷிஃப்ட் பஸ் மூன்று மாவட்டத்தைத் தொட்டு வருகிறது. மாவட்டச் சேனல் ஒவ்வொன்றும் அதில் ஒரு துண்டைத்தான் பார்க்கும்.